இமயக் கொடுமுடிகளும் அவற்றின் பெயர்களும்

உலகின் மிக உயர்ந்த கொடுமுடி எதுவெனப் பூமிசாஸ்திர பாடவேளையில் வினவினால், கீழ்வகுப்பு மாணாக்கனும் தயங்காது 'எவரெஸ்ற்' என்பான். அதன் உயரத்தையும் உடன் ஒப்புவிப்பான். எவரெஸ்ற் என்பது யாதெனத் தொடர்ந்து வினவின், அஃது ஆங்கிலேயர் ஒருவரின் பெயர் எனச் சிலர் விடை கூறுவர். "அந்த ஆங்கிலேயர் பிறப்பதற்கு முன்னர் அம்மலைக்குப் பெயர் இருக்கவில்லையா?" என்று என் வகுப்பு மாணாக்கன் ஒருவன் ஒருகால் என்னைக் கேட்டான். வினா எளியதே. எனினும் விடை கூற முற்பட்டபோது பாடநூல் எனக்குத் துணைசெய்யவில்லை. அவ்வினாவின் வழியே சென்று கற்றவற்றைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இமயம் என்னும் பெயர் தொன்மை வாய்ந்தது. ஹிமாலயம் என்னும் வடசொல் பனியின் உறைவிடம் எனப் பொருள்படும். தென்கோடியில் வாழ்ந்த தமிழரும் இமயத்தை நிலத்தின் வட எல்லையாக அறிந்திருந்தனர். சேர வேந்தன் ஒருவன் இமயவரம்பன் எனப் பெயர் பூண்டமை இதற்குச் சான்று. ஆயினும் மலைத்தொடருக்குப் பெயர் வழங்குவது வேறு. அத்தொடரிலுள்ள கொடுமுடி ஒவ்வொன்றுக்கும் பெயர் வழங்குவது வேறு. முன்னது தொலைவிலுள்ளார்க்கும் இயலும். பின்னதோ அம்மலையின் அடிவாரத்தில் ஆடுமாடு மேய்த்து, கணவாய் கடந்து வாணிகஞ் செய்து, பனிச்சரிவுக்கு அஞ்சி, தெய்வத்தை வேண்டி வாழும் மக்களுக்கே உரியது.

இவ்வுண்மையைக் கொடுமுடிகளின் பெயர்களே காட்டுகின்றன. தவளகிரி என்றால் வெண்மலை. அன்னபூரணா என்பது உணவளிக்கும் அன்னையின் பெயர். நங்கா பர்பத் என்பது நக்ன பர்வதம் என்பதன் திரிபு. பனி தங்காத செங்குத்தான பாறைமுகத்தை உடையதாதலின் அஃது ஆடையற்ற மலையாயிற்று. கஞ்சன்ஜங்கா என்னும் பெயரை நம்மவர் காஞ்சனம் என்னும் வடசொல்லோடு பொருத்திப் பொன்மலை எனக் கருதுவதுண்டு. அது பொருந்தாது. பனி, பெரிய, கருவூலம், ஐந்து எனப் பொருள்படும் நான்கு திபெத்தியச் சொற்கள் சேர்ந்தமைந்ததே அப்பெயர். ஐந்து சிகரங்களையுடைய அம்மலையைப் பெரும்பனியின் ஐந்து கருவூலங்கள் என அடிவார மக்கள் போற்றினர். குமாவோன், கடுவால் நாட்டார்க்கு நந்தாதேவி வெறுங் கொடுமுடியன்று. புகுந்த வீட்டுக்குச் சென்ற தம் மகள். அத்தேவியை மலைக்கு வழியனுப்பும் பெருயாத்திரை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது வழக்கம். பெயர் என்பது இத்தகைய உறவின் அடையாளமே.

இனி, இக்கொடுமுடிகள் தேசப்படத்தில் ஏறிய வரலாற்றை நோக்குவோம். அவ்வரலாறு இமயத்தில் தொடங்கவில்லை, தமிழ்நாட்டிலே தொடங்கியது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சென்னைப் பரங்கிமலைக்கு அண்மையில், வில்லியம் லம்ப்ரன் என்பார் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை உருக்குச் சங்கிலியால் அளந்தார். பின்னர் 'மகா முக்கோண அளவீடு' எனப் பெயர்பெற்ற பெரும்பணிக்கு அதுவே தொடக்கம். முக்கோணமொன்றின் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் ஏனைய பக்கங்களைக் கணித்தறியலாம். அவ்வாறு அறிந்த பக்கத்தை அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகக் கொள்ளலாம். இவ்வாறே முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் குமரி முதல் இமயம் வரை நாடு முழுவதும் அளக்கப்பட்டது.

லம்ப்ரன் கையாண்ட பெருங் கோணமானி அரைத் தொன் எடையுடையது. அதனை உயர்ந்த இடத்தில் நிறுத்தியே தொலைவிலுள்ள குறிகளை நோக்குதல் வேண்டும். சோழநாடோ வயலும் தென்னையும் நிறைந்த சமவெளி. மலையில்லாத அந்நாட்டிற் கோயிற் கோபுரங்களே மலைகளாகப் பயன்பட்டன. 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின்மீது அக்கருவியை ஏற்றுகையிற் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லம்ப்ரன் மனந்தளராது கூடாரத்தினுள் அமர்ந்து, பல வாரம் உழைத்து, வளைந்த வட்டத்தைத் தம் கையாலேயே சீர்செய்தார். 1823இல் அவர் பணியிடையே காலமானார். அவருக்குப் பின் அப்பணியை ஏற்றவரே ஜோர்ஜ் எவரெஸ்ற். 1843ஆம் ஆண்டில் அவர் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்றார். அன்ட்ரூ வோ என்பவர் அவருடைய இடத்துக்கு வந்தார்.

அக்காலத்திற் கொடுமுடிகளின் தரவரிசை பன்முறை மாறியது. தென்னமெரிக்காவின் சிம்பொராசோ உலகின் உச்சமென ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தவளகிரி அளக்கப்பட்டபின் அந்நம்பிக்கை தகர்ந்தது. பின்னர்க் கஞ்சன்ஜங்கா முதலிடம் பெற்றது. 1847இல் டார்ஜிலிங் பகுதியிலிருந்து கஞ்சன்ஜங்காவை நோக்கிய வோ, அதற்கும் அப்பால் மேற்கே மற்றொரு சிகரம் மங்கலாகத் தோன்றுவதைக் கண்டார். அருகே சென்று அளக்க வழியில்லை. நேபாளம் அந்நியர்க்குக் கதவடைத்திருந்தது. ஆதலின் அளவையாளர் எல்லைக்குத் தெற்கே தராய் என்னுஞ் சதுப்புக் காட்டின் ஓரமாக நின்றே நோக்கவேண்டியதாயிற்று. மலைக்காய்ச்சல் அவர்களுட் பலரைப் பலிகொண்டது. 1849இல் ஜேம்ஸ் நிக்கல்சன் என்பவர் 100 மைலுக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து, வெவ்வேறு நிலையங்களில் நின்று, முப்பதுக்கும் மேற்பட்ட முறை அச்சிகரத்தை நோக்கிக் கோணங்களைப் பதிந்தார். அவரும் அக்காய்ச்சலால் வருந்திப் பணியை விட்டு நீங்க நேர்ந்தது.

கோணங்களைக் கொண்டு உயரத்தைக் காண்பதும் எளிதன்று. நிலவுருண்டையின் வளைவினால் தொலைவிலுள்ள மலை தாழ்ந்து தோன்றும். ஒளிக்கதிர் காற்றினூடே வளைந்து வருதலால் அதே மலை உயர்ந்தும் தோன்றும். இவ்விரண்டையுந் திருத்திக் கணிக்கும் பொறுப்புக் கணிப்பாளருடையது. அக்கணிப்பாளருள் தலைமை பெற்றிருந்தவர் ராதாநாத் சிக்தார் என்னும் வங்காளப் பெரியார். 1813இற் பிறந்த அவர், கல்கத்தா இந்துக் கல்லூரியிற் கணிதம் பயின்று, 1831ஆம் ஆண்டில் அளவைப் பணியிற் சேர்ந்தார். தன்மானத்திலும் அவர் குறைந்தவரல்லர். 1843இல், அளவைத் தொழிலாளரைத் தம் சொந்தச் சுமை தூக்கச் செய்த ஆங்கில நீதவான் ஒருவரை எதிர்த்து நின்று, அதற்காக 200 ரூபா தண்டமும் இறுத்தார். சிக்தார் ஒருநாள் வோவின் அறைக்குள் விரைந்து சென்று, உலகின் மிக உயர்ந்த மலையைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார் என்று பின்னாளில் ஒரு கதை எழுந்தது. அக்கதையை அப்படியே ஏற்றற்கில்லை. ஆண்டுக்கணக்காகப் பலர் கூடி உழைத்த உழைப்பு அது, ஒருநாளில் முடிந்ததன்று. எனினும் அவ்வுழைப்பிற் சிக்தாரின் பங்கு பெரிது. தேசப்படத்திலோ அவர் பெயர் எங்கும் இல்லை.

அளவையேட்டில் அக்கொடுமுடிக்கு அன்று வழங்கியது 15 என்னும் இலக்கமே. 1856ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வோ எழுதிய கடிதம் அதன் உயரத்தை 29,002 அடி என்றும், கஞ்சன்ஜங்காவின் உயரத்தை 28,156 அடி என்றும் அறிவித்தது. அக்கடிதத்திலேயே பெயர்ச் சிக்கலும் தொடங்குகிறது. நிலத்தின் ஒவ்வொரு கூறுக்கும் அவ்விடத்து மக்கள் வழங்கும் பெயரையே இடவேண்டும் என எவரெஸ்ற் தமக்குக் கற்பித்திருந்ததாக வோ அதிற் கூறுகிறார். ஆயினும் இம்மலைக்கு உள்ளூர்ப் பெயர் எதனையுந் தம்மால் அறிய முடியவில்லை என்றும், நேபாளத்துள் நுழைய அநுமதி கிடைக்கும்வரை அறியவும் முடியாதென்றும் கூறி, தம் முன்னோராகிய எவரெஸ்றின் பெயரையே அதற்குச் சூட்டுகிறார். உள்ளூர்ப் பெயரே இடவேண்டும் என்ற விதியைக் கற்பித்தவரின் பெயராலேயே அவ்விதி மீறப்பட்டது.

இம்முடிவை மறுத்தவர்களுள் எவரெஸ்றும் ஒருவர். தம் பெயரை இந்திய மக்கள் உச்சரிக்க மாட்டார்கள் என்றும், அதனை இந்தியிலே எழுதுதலும் அரிது என்றும் 1857இல் அவரே எடுத்துரைத்தார். அவர் கூற்று ஒருவகையிற் பலித்தும் விட்டது. அவர் குடும்பத்தார் தம் பெயரின் முதலெழுத்தை நெடிலாக்கி 'ஈவ்றிஸ்ற்' என்றே உச்சரித்தனர். இன்று உலகோர் சொல்லும் ஒலி அதுவன்று. நேபாளத்திற் பல்லாண்டு ஆங்கில அரசின் பிரதிநிதியாக இருந்தவரும், அந்நாட்டு மொழிகளைக் கற்றவருமான பிறயன் ஹொட்ஜ்சன், அம்மலைக்குத் தேவதுங்கா முதலிய பெயர்கள் உண்டென வாதிட்டார். அவை அக்கொடுமுடியையே குறித்தன என நிறுவ இயலவில்லை. ஈற்றில் 1865இல் இங்கிலாந்தின் அரச பூமிசாஸ்திர சங்கம் எவரெஸ்ற் என்னும் பெயரையே ஏற்றுக்கொண்டது.

ஹேர்மன் ஷ்லாகின்ற்வைற் என்னும் ஜேர்மானிய அறிஞர் வேறொரு விடை கூறினார். காத்மண்டுவை அடுத்த குன்றொன்றிலிருந்து நோக்கிய அவர், உள்ளூரார் கௌரிசங்கர் எனச் சுட்டிய கொடுமுடியே 15ஆம் கொடுமுடி எனக் கொண்டார். ஐரோப்பாவில் அச்சான தேசப்படங்கள் பல அதனைப் பின்பற்றின. 1903இற் கப்டன் ஹென்றி வுட் நேபாளம் சென்று நேரில் ஆராய்ந்த பின்னரே, அவ்விரண்டும் ஏறத்தாழ 36 மைல் இடைவெளியுள்ள வெவ்வேறு மலைகள் என்பது தெளிவாயிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டு நிலவிய பிழை இது. கௌரிசங்கர் என்பது பொய்ப்பெயரன்று. ஆனால் வேறொரு மலையின் மெய்ப்பெயர். அம்மலையையே அதன் மறுபுறத்துச் செர்ப்பா மக்கள் யோமோ சேரிங்மா என்னும் தங்கள் தெய்வத்தின் பெயரால் அழைக்கின்றனர். தெற்கே சிவனும் உமையும். வடக்கே பௌத்தரின் தேவி. ஒரே மலை இருசாரார்க்கும் இருவேறு பெயரில் நிற்கிறது.

அங்ஙனமாயின் 15ஆம் கொடுமுடிக்கு உண்மையிலேயே பெயர் இருந்ததில்லையா? இருந்தது, அச்சேறியும் இருந்தது. சீனப் பேரரசர் காங்சியின் ஆணையால், யேசு சபைக் குருமாரின் மேற்பார்வையிற் சீனப் பேரரசு முழுவதும் அளக்கப்பட்டபோது, கணிதப் பயிற்சி பெற்ற திபெத்திய லாமாக்கள் இருவர் திபெத்தினுள் அனுப்பப்பட்டனர். 1717ஆம் ஆண்டை ஒட்டி அவர்கள் திரட்டிய செய்திகள் பேரரசரின் தேசப்படத் தொகுதியில் இடம்பெற்றன. அவற்றைக் கொண்டு டன்வில் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1730களில் வரைந்த படத்தில், நேபாள எல்லையை அடுத்து, சோமோலுங்மா என்னும் பெயர் சற்றே திரிந்த எழுத்துக்கூட்டலோடு காணப்படுகிறது. வோவின் கடிதத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்ட சான்று இது. லாமாக்களின் கருவிகள் லம்ப்ரனின் கருவிக்கு ஈடாகா. அவர்கள் மலையின் உயரத்தை அளந்தாரும் அல்லர். எனினும் அவர்களுக்கு அந்நாட்டு மொழி தெரிந்திருந்தது. ஆதலின் மலையின் பெயரைக் கேட்டறிந்தனர்.

வோ கூறியதில் ஓரளவு நியாயம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். தெற்குச் சமவெளியிலிருந்து நோக்குவோர்க்கு அக்கொடுமுடி மற்றைய மலைகளுக்குப் பின்னே சிறியதாய் மறைந்து நிற்கும். ஆங்குள்ளார் அதற்குத் தனிப்பெயர் வழங்காதிருந்தால் வியப்பில்லை. வடக்கே திபெத்தின் றொங்புக் பள்ளத்தாக்கிலோ, அது முழு உருவுங் காட்டி வழியெங்கும் எதிர் நிற்கும். பெயர் அங்கேதான் பிறந்தது. 1921இல் முதல் ஆராய்ச்சிக் குழுவினர் திபெத்தின் வழியே அங்குச் சென்றபோது, மக்கள் வாயிலிருந்து சோமோலுங்மா என்னும் பெயரைத் தாமே கேட்டனர். அப்பெயர் தனிக் கொடுமுடியை அன்றி மலைத்தொகுதி முழுவதையும் குறிப்பதாகும் என வாதித்தவரும் உளர். உலக அன்னை என்பது அதற்கு வழங்கும் மொழிபெயர்ப்பு. மியோலங்சங்மா என்னும் தேவி அம்மலையில் உறைகிறாள் என்பது அடிவார மக்களின் நம்பிக்கை.

நேபாள மக்களும் தம் நாட்டின் எல்லையில் நிற்கும் மலைக்குத் தம் மொழியில் ஒரு பெயர் வேண்டினர். 1930களின் பிற்பகுதியில் பாபுராம் ஆசார்யா என்னும் நேபாள வரலாற்றறிஞர், 'சாரதா' என்னும் இதழில் எழுதிய கட்டுரையிற் சகர்மாதா என்னும் பெயரை எடுத்துரைத்தார். அப்பெயரைத் தாம் புனையவில்லை என்றும், மக்கள் வழக்கிலிருந்தே பெற்றதாகவும் அவர் கூறினார். வானின் நெற்றி என அதற்குப் பொருள் உரைப்பர். பின்னர் நேபாள அரசு அதனையே உரிய பெயராக ஏற்றது. பேரரசுகளின் அளவைத் திணைக்களங்கள் செய்யாததை இலக்கிய இதழொன்றில் வந்த ஒரு கட்டுரை செய்தது. இத்தகைய மலர்களில் எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் இச்செய்தி ஊக்கமளிப்பதாகும்.

இதற்கு மாறானதோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1856ஆம் ஆண்டில் தோமஸ் மொன்ற்கொமரி, காசுமீரத்து ஹரமுக் மலையில் நின்று, ஏறத்தாழ 130 மைலுக்கு அப்பால் காரகோரத் தொடரில் தோன்றிய இரு சிகரங்களை வரைந்து, அத்தொடரின் முதலெழுத்தால் அவற்றைக் கே-1, கே-2 எனக் குறித்தார். இவை பெயர்களல்ல, உள்ளூர்ப் பெயர் அறியும்வரை இட்ட அடையாளங்களே. கே-1 என்பதற்கு மஷர்ப்ரும் என்னும் உள்ளூர்ப் பெயர் இருந்தமை பின்னர் அறியப்பட்டது. கே-2வோ உலகின் இரண்டாவது உயர்ந்த மலையாயிருந்தும், வழியிலுள்ள கடைசி ஊராகிய அஸ்கோலேயிலிருந்துங் கண்ணுக்குப் புலப்படாதது. அதற்கு உறுதியான உள்ளூர்ப் பெயர் கிடைக்கவில்லை. கொட்வின் ஒஸ்ரின் என்னும் அளவையாளரின் பெயரைச் சூட்ட முயன்றனர். அரச பூமிசாஸ்திர சங்கம் அதனை ஏற்கவில்லை. பெருமலை எனப் பொருள்படும் சோகோரி என்னும் பல்ற்றிச் சொல்லும் பொதுவழக்காகவில்லை. இன்று பல்ற்றி மக்களே அவ்வாங்கில எழுத்தையும் எண்ணையும் ஒரு சொல்லாக இணைத்துத் தம் மலையை அழைக்கின்றனர். பெயரில்லாத இடத்து இலக்கத்தை இலக்கமாகவே விட்டமை, எவர் பெயரையோ ஏற்றுவதினும் நேர்மையானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

உயரத்தை 100 மைலுக்கு அப்பாலிருந்தும் அளக்கலாம். பெயரையோ அருகே சென்று, அவ்விடத்து மொழியில், வாய்திறந்து கேட்டே அறிதல் வேண்டும். இதுவரை கூறியவற்றால் நாம் பெறும் உண்மை இதுவே. இதனைச் செயலிற் காட்டியவர் ஒருவரையும் இங்குக் குறிப்பிடாது விடலாகாது. நயின் சிங் என்னும் அவர், குமாவோன் மலைநாட்டு மிலம் என்னும் ஊரைச் சார்ந்த பள்ளியாசிரியர். ஆசிரியராயிருந்தமையாலேயே அவர் பண்டிதர் எனப்பட்டார். திபெத்து ஆங்கிலேயரை நுழையவிடாத காலத்தில், அளவைப் பணியாளர் அவருக்குப் பயிற்சியளித்து மாறுவேடத்தில் அனுப்பினர். தம் காலடி ஒவ்வொன்றும் ஒரே நீளமாயிருக்குமாறு அவர் நடந்து பழகினார். பௌத்தரின் செபமாலையில் 108 மணிகள் உண்டு. அவருடைய மாலையிலோ 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளி எண்ணியவாறே அவர் நடந்தார். வழிபாட்டுச் சக்கரத்தினுள்ளே மந்திரச் சுருளுக்குப் பதிலாகக் குறிப்புத் தாள்களை மறைத்திருந்தார். 1866ஆம் ஆண்டு சனவரியில் லாசா நகரை அடைந்து, நீர் கொதிக்கும் வெப்பநிலையைக் கொண்டு அதன் உயரத்தையும் கணித்தார். மானசரோவர் வழியாக அவர் மீண்டபோது ஏறத்தாழ 1,200 மைல் வழி அளக்கப்பட்டிருந்தது. 1877இல் அரச பூமிசாஸ்திர சங்கம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. ஊர்களையும் ஆறுகளையும் கணவாய்களையும் அவர் தொலைநோக்கியாற் காணவில்லை. நடந்து சென்று, அங்குள்ளாரோடு பேசி, அவர்கள் சொன்ன பெயர்களோடு குறித்து வந்தார்.

இவற்றைக் கூறுவது எவரெஸ்ற் என்னும் பெயரைத் தேசப்படத்திலிருந்து அழித்தல் வேண்டும் என்பதற்கன்று. லம்ப்ரன் முதல் நிக்கல்சன் ஈறாக அப்பணியில் உடல்நலமும் உயிரும் ஈந்தோரின் உழைப்பு மதிக்கத்தக்கது. 1856இல் அவர்கள் கண்ட 29,002 அடிக்கும், நேபாளமும் சீனமும் ஒன்றுசேர்ந்து 2020ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவித்த 8,848.86 மீற்றருக்கும் இடையே உள்ள வேறுபாடு 30 அடியளவே. அத்துணை நுட்பமாக உயரத்தை அளந்தவர்கள் பெயரைக் கேட்கும் வரை காத்திருக்கவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. அளவு தவறின் அடுத்த அளவையாளன் திருத்துவான். பெயர் தவறின், அச்சான தேசப்படமே பிற்காலத்தார்க்குச் சான்றாகிவிடும். மலையடிவாரத்துக் கிழவியின் வாய்ச்சொல் சான்றென ஏற்கப்படாது.

ஆதலின் இக்கொடுமுடியைக் கற்பிக்கையில் எவரெஸ்ற், சோமோலுங்மா, சகர்மாதா என்னும் மூன்று பெயர்களையும் சேர்த்தே கற்பித்தல் தகும். அவை ஒவ்வொன்றையும் யார் இட்டார், எத்திசையில் நின்று இட்டார் என்பதையும் மாணாக்கர் உசாவுதல் வேண்டும். இம்முறை இமயத்துக்கு மட்டும் உரியதன்று. தம் ஊரின் படத்தை வரையப் புகும் மாணாக்கன், அளவுகோலை எடுக்குமுன்னே, குளத்துக்கும் வயலுக்கும் ஒழுங்கைக்கும் உரிய பெயர்களை முதியோரிடஞ் சென்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அளவுகோல் நாளைக்கும் இருக்கும். பெயர் சொல்லும் முதியோர் இருப்பர் என்பது உறுதியன்று.

என்னை வினவிய மாணாக்கனுக்கு அன்று நான் கூறத் தவறிய விடை இதுவே: "தம்பி, அம்மலைக்குப் பெயர் இருந்தது. அளக்க வந்தவர்கள் நின்ற இடத்துக்கு அந்தப் பெயர் எட்டவில்லை."